துவக்கில்லாத நாற்பத்து மூன்று பேர்

ஞானசேகரத்தின் வீட்டில் நாற்பத்து மூன்று சிப்பாய்கள் இருந்தார்கள். பதறவேண்டாம், எல்லாம் பொம்மை. ஆளுக்கு நடுவிரலை விடக் கொஞ்சம் கூடின உயரம். ஆனால் கழுத்து திரும்பும், முழங்கை மடங்கும், முழங்கால் மடங்கும். ஒருவன் பனிக்குல்லாய் போட்டவன், ஒருவன் கடலுக்குள் சுழியோடுகிறவன், இன்னொருவன் முதுகில் வானொலிப் பெட்டி சுமப்பவன். சமைக்கிற குசினிக்கு அடுத்த அறையில், கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரியில், இரண்டு தட்டு நிறைய நின்றார்கள். ஒருவனிடமும் சுடுவதற்குத் துவக்கு இல்லை.

திருகோணமலைப் பட்டினத்தில், அதுவும் இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில், சந்திக்குச் சந்தி உண்மையான சிப்பாய் நிற்கிற காலத்தில், ஐம்பத்து நாலு வயது மனுசன் பொம்மைச் சிப்பாய் சேர்த்தார் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? அவர் மனைவி குணேஸ்வரியே சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு ஏசினாள். வெளியில் நிற்கிறது காணாதென்று வீட்டுக்குள்ளும் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்களோ என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

அவருக்குத் தொழில் பல் கட்டுவது. பட்டினத்துப் பல் வைத்தியர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அவர் வீட்டு முன்னறையில் இருந்து பல் வரிசை செய்து கொடுப்பார். பல்லுக்கு வெள்ளை மா, பல் முளைக்கிற முரசுக்கு இளஞ்சிவப்பு மா, அச்சுக்குப் பிளாஸ்டர். கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாரென்றால் குணேஸ்வரி மூன்று தரம் கூப்பிட வேண்டும், சாப்பாட்டுக்கு.

பொம்மைப் பைத்தியம் தொடங்கியது ஒரு பழைய உடுப்புப் பெட்டியால். குணேஸ்வரியின் தம்பி குணரத்தினம் கனடாவில் இருந்து அனுப்பிய பெட்டி. உடுப்புகளுக்கு நடுவே இடைவெளியை அடைக்க ஐந்து சிப்பாய்களைத் திணித்திருந்தான். கேட்டால் தொலைபேசியில் சிரித்தான். அவனும் அங்கே இப்படிச் சேர்க்கிறவன்தான். இருபத்தைந்து வருசத்துக்கு முதல் ஒரு கொம்பனி இந்தச் சிப்பாய்களை முதன்முதலில் செய்து விட்டதாம். அந்த முதல் ஆட்களுக்குத்தான் மதிப்பு, அதற்குத்தான் சேர்க்கிறவர்கள் அடிபடுகிறார்களாம். பிறகு கொம்பனி அதே ஆட்களைப் புது அச்சில், புது உடம்போடு திரும்பவும் விட்டது. அவற்றைச் சீண்டுவாரில்லை. கை பெரிசு, இடுப்பு அகலம், முகமும் பழைய முகம் இல்லை. "கலந்து கட்டி வாங்கேக்க உதுகளும் வந்து சேருது அத்தான். இஞ்ச குப்பையிலதான் போடோணும்," என்றான் குணரத்தினம்.

குப்பையில் போடுகிற சாமான் என்றதும் ஞானசேகரத்துக்குக் கோபமே வந்தது. ஏனென்றால் அதற்குள் அவர் பூதக்கண்ணாடி மாட்டிப் பார்த்து முடித்திருந்தார். முழங்காலுக்குள் ஊசி போல ஒரு ஆணி, தோளுக்குள் சுழல ஒரு குண்டு, கழுத்துக்குள் இன்னொரு குண்டு. இதைச் செய்தவன் தன்னைப் போல ஒரு தொழில்காரன் என்று அவருக்கு அப்படியொரு பெருமை. குணரத்தினம் அடுத்த பெட்டியில் பெரிய மனது பண்ணிப் பழைய முதல் ஆட்கள் மூன்று பேரையும் அனுப்பினான். அவர்களுடைய மேல் உடம்பையும் கீழ் உடம்பையும் பிடித்து வைத்திருந்தது உள்ளே கிடந்த ஒரு கறுப்பு றப்பர் வளையம். ஞானசேகரம் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கடற்கரைப் பட்டினத்தில் றப்பரின் ஆயுள் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். உப்புக் காற்றும் வெக்கையும் இரண்டு வருசத்தில் அதைத் தின்றுவிடும். புது ஆட்களுக்கு அந்தக் கவலை இல்லை. உலகம் கழித்துவிட்ட ஆட்களைத்தான் சேர்ப்பதென்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார்.

துவக்கு இல்லாமற்போன கதை இதுதான். இரண்டாவது பெட்டியைத் தபால் கந்தோரில் எடுத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும்போது, காவலரணில் மறித்துத் திறந்து பார்த்தார்கள். ஈர்க்குத் துண்டு போலத் துவக்குகள் எட்டு மேசையில் கொட்டுண்டன. அங்கே நின்றவர்கள் வயிறு நோகச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் பொம்மைகளைத் தந்தார்கள், துவக்குகளைத் தரவில்லை. துவக்கு துவக்குத்தானாம். அதற்குப் பிறகு அவர் குணரத்தினத்திடம் சொல்லிவிட்டார், ஆயுதங்களைக் கழற்றி வைத்துக்கொண்டு ஆளை மட்டும் அனுப்பு என்று.

குணரத்தினத்தை விட அதிகம் சேர்த்துத் தந்தவன் முனாப். கிண்ணியாக்காரன். பாலம் வராத அந்தக் காலத்தில் தினமும் படகில் துறையைக் கடந்து வந்து சந்தைக்குப் பக்கத்தில் பழைய சாமான் கடை நடத்தினான். கொழும்பில் இருந்து வெளிநாட்டுக் கழிவுச் சாமான் பொதி பொதியாக வரும். பொதியின் அடியில் விளையாட்டுச் சாமான் கிடக்கும். அதற்குள் சிப்பாய் எவனாவது அகப்பட்டால் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு வைப்பான். முனாப்பின் மேல்வரிசைப் பல் முழுக்க ஞானசேகரத்தின் கைவேலை. அதைக் காட்டவென்றே வாயை அகலத் திறந்து சிரிப்பான். "இது எந்தப் பதிப்பு அண்ணன்? பழசா, புதுசா?" என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவான். ஞானசேகரம் இடுப்புப்பட்டியின் நிறத்தைப் பார்ப்பார், மீசையைப் பார்ப்பார், முழங்காலை மடக்கிப் பார்ப்பார். பதில் சொல்வதற்குள் தேத்தண்ணி ஆறிப்போகும்.

பொதியில் வருகிறவன் முழுசாக வருவானா? விரல் இருக்காது, கால் கழன்றிருக்கும். அதற்கென்ன, கையில் தொழில் இருக்கிறதே. உடைந்த பெருவிரலுக்கு முரசு மாவால் விரல் வைத்தார், பிளந்த தோளையும் அதாலேயே ஒட்டினார். அதனால் அந்த அலுமாரியில் நின்ற பலருக்கு ஒரு கை பச்சையாகவும் பெருவிரல் இளஞ்சிவப்பாகவும் இருந்தது.

வேலை செய்தால் எழுதிவைக்க வேண்டும். இருபத்தெட்டு வருசப் பழக்கம். பல் வேலைக்கு வைத்திருந்த மாதிரியே கோடு போட்ட ஒரு பதிவுக் கொப்பி எடுத்தார். பெயர், வயது, குறை, செய்த வேலை, அனுப்பியவர். வைத்தியர் அனுப்பினால் வைத்தியர் பெயர் எழுதுகிற கட்டத்தில் குணரத்தினம் என்றும் முனாப் என்றும் எழுதினார். பெட்டியில் இருந்த ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாததால் தானே தமிழ்ப் பெயர் வைத்தார். சுழியோடுகிறவன் ஆழியன். குண்டு எறிகிறவன் இடியன். அதே ஆள் புது அச்சில் திரும்ப வந்தால் ஆழியன் இரண்டு, ஆழியன் மூன்று. வயதை மட்டும் முதல் வந்த வருசத்தில் இருந்தே கணக்குப் பண்ணினார். உடம்புதானே புதிசு, ஆள் அதே ஆள் என்பது அவருடைய வாதம். ஆகவே எல்லோருக்கும் இருபதில் இருந்து இருபத்தைந்து வயது.

குணேஸ்வரி ஒருநாள் தூசு தட்டும்போது எடுத்து வாசித்தாள். "இடியன் மூன்று. வயது இருபத்தைந்து. இடது கால் தொடையோடு கழன்றது. பொருத்தியாயிற்று, நடக்கிறான்."

"இஞ்சேருங்கோ, இதென்ன இயக்கப் பெடியளின்ர பேர் மாதிரிக் கிடக்கு?" என்றாள்.

அவர் சிரித்தார். இரண்டு பேரும் அதை அதோடு விட்டுவிட்டார்கள். விட்டிருக்கக் கூடாது.

மாசி மாதத்தில் ஒருநாள் பட்டினத்தின் அந்தப் பக்கம் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. மறுநாள் காலை சுற்றிவளைப்பு. ஒலிபெருக்கி வந்தது: ஆண்கள் எல்லோரும் அடையாள அட்டையோடு பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும், பெண்கள் வீட்டுக் கதவைத் திறந்துவைத்துவிட்டு நிற்கவேண்டும். ஞானசேகரம் செருப்பைக் கொழுவிக்கொண்டு போனார். குணேஸ்வரி அலுமாரியைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்கள், முக்கால்வாசிப் பேர் பச்சையும் மண்ணிறமும் கலந்த இராணுவ உடுப்பில். அந்த நிறத்தில் ஒரு துணிப்பை வைத்திருந்ததற்கே அடுத்த ஒழுங்கையில் ஒரு பெடியனைக் கொண்டுபோயிருந்தார்கள். பிறகு அவள் யோசிக்கவில்லை. சீலைத் தலைப்பில் அத்தனை பேரையும் வாரிக் கட்டிக்கொண்டு பின்பக்கம் ஓடி, கிணற்றுக்குள் கொட்டிவிட்டாள்.

இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். அலுமாரியைப் பார்த்தார்கள், வெறும் தட்டு. முன்னறையில் பல் பல்லாகக் கிடந்ததைப் பார்த்து ஒருவன் சிரித்தான். போகும்போது மேசையில் இருந்த கொப்பிகளையும் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் எடுத்தார்களாம். பொம்மைகளுக்குப் பயந்தவள் கொப்பிக்குப் பயப்படவில்லை. அது பல்லுக் கொப்பிகளோடு ஒன்றாகக் கிடந்தது, அவளுக்கு நினைவிலேயே வரவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்த ஞானசேகரம் வெறும் அலுமாரியைப் பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். சோறு வேண்டாம் என்றார். மைதானத்தில் நாலு மணித்தியாலம் வெயிலில் நின்றபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. குணேஸ்வரிக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என்னைக் கொண்டுபோயிருந்தால் இப்படி அழுதிருப்பீர்களோ என்று கேட்டாள்.

அடுத்த நாள் பத்து மணிக்கு முனாப்பின் மனைவி நஜ்முன் நிஸா வந்தாள். முக்காடு தோளில் விழுந்து கிடந்தது, அதை இழுத்துப் போடக்கூட அவளுக்கு நினைவில்லை. முந்தின நாள் பின்னேரம் கடையில் வைத்தே முனாப்பை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். எல்லா வீட்டுக் கொப்பிகளும் கலந்து கிடந்ததால், ஒன்றில் திரும்பத் திரும்ப வந்த அவன் பெயரைத்தான் முதலில் பிடித்தார்களாம். விடியத் துறையைக் கடந்து வந்து முகாம் வாசலில் நின்றிருக்கிறாள். மொழிபெயர்க்கிறவர் வெளியே வந்து சொன்னாராம், காயப்பட்ட பெடியன்களை முனாப் ஒரு டொக்டரிடம் அனுப்புகிறான், இருபத்தாறு பேரின் விபரம் கொப்பியில் இருக்கிறது என்று.

"என்னத்த அண்ணன் எழுதி வெச்சீங்க?" என்று கேட்டாள். "அவர் அது பொம்மை, பொம்மை எண்டு சொல்லிக்கிட்டே இரிக்காராம். அந்த வீட்டுல பொம்மையே இல்ல எண்டு அவங்க செல்றாங்க. நாளைக்கு ஒங்களத் தேடி வருவாங்க."

ஞானசேகரம் தன் கையால் எழுதிய ஒவ்வொரு வரியும் இப்போது மனதுக்குள் வேறு மாதிரி வாசிபட்டது. வலது கை மணிக்கட்டோடு இல்லை. தோள் பிளந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அனுப்பியவர்: முனாப். அனுப்பியவர்: முனாப். எவ்வளவு சுத்தமான எழுத்தில் எழுதியிருந்தார்! அந்த எழுத்தைப் பார்த்துத்தான் பட்டினத்து வைத்தியர்கள் அவரைப் புகழ்வது.

குணேஸ்வரி அவரைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இப்பவே வெளிக்கிட்டுக் கண்டி பஸ்ஸில ஏறுங்கோ. அங்க இருந்து கொழும்புக்குப் போங்கோ. நான் சமாளிப்பன்."

"நான் போனா முனாப் உள்ளுக்கத்தான்."

"நீங்கள் உள்ளுக்க போனா?"

அவருக்குப் பயம் இல்லாமல் இல்லை. பத்து நிமிசம் அப்படியே நின்றார். பிறகு சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். குணேஸ்வரி பொம்மைகளையும், அவற்றைச் செய்தவனையும், அனுப்பிய தன் தம்பியையும் வாய்விட்டுத் திட்டினாள். திட்டிக்கொண்டே வாளியையும் கயிற்றையும் எடுத்து வந்தாள்.

கிணறு அவ்வளவு ஆழமில்லை. ஆனால் மாரி கழிந்த கையோடு நெஞ்சளவுத் தண்ணீர். இரண்டு பெண்களும் மாறி மாறி இறைத்தார்கள். முழங்காலளவுக்கு வற்றியதும் ஞானசேகரம் உள்ளே இறங்கினார். தொந்தி படியில் உரசியது. வழுக்கி விழப் பார்த்தார். சேற்றுக்குள் கையை விட்டுத் தடவி ஒவ்வொருவனாக எடுத்து வாளிக்குள் போட, மேலே நஜ்முன் நிஸா இழுத்தெடுத்தாள். குணேஸ்வரி கழுவிக் கல்லில் அடுக்கினாள். பழைய முதல் ஆட்கள் மூன்று பேரும் இரண்டு துண்டாக வந்தார்கள். றப்பர் விட்டுப்போயிற்று. ஒருவனும் சீண்டாத புது ஆட்களில் ஒருவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சேற்றைக் கழுவியதும் முழங்காலை மடக்கி இருந்தார்கள். அந்த நிலைமையிலும் ஞானசேகரம் கிணற்றுக்குள் இருந்து தலையை நிமிர்த்தி, பார்த்தீர்களா என்று கேட்டார்.

எண்ணிப் பார்த்தால் நாற்பத்திரண்டு. திரும்பவும் இறங்கினார். அடிமண்ணை வாளி வாளியாக அள்ளி அரிதட்டில் போட்டு அலசினார்கள். பழைய கரண்டி வந்தது, யாரோ தொலைத்த சவர்க்காரப் பெட்டி வந்தது, நாற்பத்து மூன்றாமவன் வரவில்லை. ஆழியன் இரண்டு. சுழியோடுகிறவன், இரண்டாம் பதிப்பு. போன வாரம்தான் முனாப் தந்தவன். அப்போதுதான் ஞானசேகரத்துக்கு நினைவு வந்தது. அவனை அலுமாரியில் வைக்கவேயில்லை. பெருவிரல் வைத்து, கை அசையாமல் இருக்கப் பிளாஸ்டருக்குள் பதித்து, முன்னறை மேசையில் காயவிட்டிருந்தார். குணேஸ்வரி மேசையைத் தான் தொடவில்லை என்று சத்தியம் பண்ணினாள். போய்ப் பார்த்தால் பிளாஸ்டர்க் கட்டி மட்டும் பல் அச்சுகளுக்கு நடுவே கிடந்தது. அதில் ஒரு சின்னக் கையின் அளவுக்கு ஒரு துவாரம். ஆளைக் காணவில்லை.

"ஒண்டுதானே குறையுது, விட்டுட்டுப் போவமே அண்ணன்," என்றாள் நஜ்முன் நிஸா. அந்த ஒன்றுதான் ஆபத்து என்று ஞானசேகரத்துக்குத் தெரியும். நாற்பத்திரண்டு பேர் பொம்மையாக இருந்து ஒருவன் இல்லாமற்போனால், அந்த ஒருவன் ஆள் என்றுதான் நினைப்பார்கள். ஆனாலும் வேறு வழி இல்லை. நாளைக்கு அவர்கள் வரும்வரை இருந்தால் கையைக் கட்டிக் கொண்டுபோவார்கள். தானாகப் போனால் பேசவாவது விடுவார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் வெளிக்கிட்டார். குணேஸ்வரி பொம்மைகளைக் கண்ணாடி போல உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கொடுத்தாள். அந்தக் காலத்தில் பட்டினத்தில் யாரும் மூடின பையோடு காவலரணைத் தாண்டுவதில்லை. பிளாஸ்டர்க் கட்டியை அவர் சேட்டுப் பைக்குள் வைத்தார். இரண்டு பெண்களும் முகாம் வாசல்வரை கூடப்போனார்கள். வாசலில் குணேஸ்வரி அவருடைய சேட்டுக் கொலரை இழுத்துச் சரிசெய்துவிட்டாள். நேற்றுத் திட்டினதற்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்குள் வாசலில் நின்றவன் அவரை உள்ளே கூப்பிட்டான்.

உள்ளே ஒரு தகரக் கூரை அறை. மேசைக்குப் பின்னால் அதிகாரி, இளம் வயதுக்காரர். பக்கத்தில் மொழிபெயர்ப்பவர், கையில் கொப்பி. மூலையில் ஒரு மர வாங்கில் முனாப் இருந்தான். ஞானசேகரத்தைக் கண்டதும் எழும்பப் பார்த்தான், இரு என்று சைகை காட்டினார்கள். அவன் கன்னம் உள்ளே போயிருந்தது. மேல்வரிசைப் பல் வாயில் இல்லை என்று ஞானசேகரத்துக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், அவர் வாயைத்தானே பார்ப்பார்.

பையைத் திறந்து ஒவ்வொருவனாக மேசையில் நிறுத்தினார். அதிகாரி கதிரையில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கொப்பியின் நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தார். மொழிபெயர்ப்பவர் வாசித்தார்: பனியன் இரண்டு, வயது இருபத்திரண்டு, இடது தோள் பிளந்தது, ஒட்டியாயிற்று. ஞானசேகரம் பனிக்குல்லாய் போட்டவனை எடுத்துத் தோளைத் திருப்பிக் காட்டினார். முரசு நிறத்தில் ஒரு கோடு. இன்னொரு வரி. இடியன் மூன்று. காலைப் பிடித்து மேசையில் இரண்டடி நடக்கவிட்டுக் காட்டினார். கதவருகே நின்ற சிப்பாய் ஒருவனின் வாய் ஓரம் துடித்தது. அதிகாரி அடக்கமாகவே கேட்டார், ஏன் ஒரே பெயரில் மூன்று பேர் என்று.

ஞானசேகரத்துக்கு அந்தக் கேள்வியைத் தாங்க முடியுமா? பயமெல்லாம் ஒரு பக்கம் போய்விட்டது. முதலில் வந்தவன், பிறகு புது அச்சில் வந்தவன், இடுப்புப்பட்டி, மீசை, றப்பர், உப்புக் காற்று என்று விளக்கத் தொடங்கிவிட்டார். மொழிபெயர்ப்பவர் ஒரு கட்டத்தில் மொழிபெயர்ப்பதையே விட்டுவிட்டார். அதிகாரி கையைத் தூக்கி நிறுத்தி, எல்லோரும் கழித்ததை நீர் ஏன் சேர்க்கிறீர் என்று கேட்டார்.

"ஒருத்தரும் பாக்கேல்ல எண்டுதான், ஐயா," என்றார் ஞானசேகரம்.

ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டு போனார்கள். துண்டாகிப்போன பழைய மூவரையும் மேலும் கீழும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். நாற்பத்திரண்டு வரி முடிந்தது. கடைசி வரி: ஆழியன் இரண்டு, வயது இருபத்து மூன்று, வலது பெருவிரல் இல்லை, விரல் வைத்தது. அனுப்பியவர் முனாப். மேசையில் ஆள் இல்லை.

"இவன் எங்க?" என்று மொழிபெயர்ப்பவர் கேட்டார்.

ஞானசேகரம் பிளாஸ்டர்க் கட்டியை எடுத்து மேசையில் வைத்தார். இதில் கையைப் பதித்து வைத்திருந்தேன், சுற்றிவளைப்பு அன்றைக்குப் பிறகு ஆளைக் காணவில்லை என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு நொண்டிக் கதை என்று அவருக்கே தெரிந்தது. அதிகாரியின் முகம் இறுகியது. நாற்பத்திரண்டு பேரைக் காட்டி ஒருவனை ஒளிக்கிறாயா என்று கேட்பது போல அவரைப் பார்த்தார். மூலையில் முனாப் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போது கதவருகே நின்ற சிப்பாய் அசைந்தான். வாய் ஓரம் துடித்தவன் அவன்தான். அன்றைக்குப் பல்லைப் பார்த்துச் சிரித்தவனும் அவன்தான் என்பது ஞானசேகரத்துக்குத் தெரியாது. துவக்கை மற்றக் கைக்கு மாற்றினான். சேட்டின் நெஞ்சுப் பையைத் திறந்து எதையோ எடுத்து, மேசை நடுவில் வைத்தான். சுழியோடுகிறவன். வலது பெருவிரல் இளஞ்சிவப்பு. மணிக்கட்டில் பிளாஸ்டர் வெள்ளை ஒட்டியிருந்தது. சிப்பாய் நிமிர்ந்து நின்று, யாருக்கும் இல்லாமல் சுவரைப் பார்த்து, "துவட்ட" என்றான். மகளுக்கு என்று அர்த்தம். அவ்வளவு சிங்களம் பட்டினத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஞானசேகரம் சுழியோடுகிறவனை எடுத்துப் பிளாஸ்டர்த் துவாரத்துக்குள் கையை நுழைத்தார். சொன்னது போலப் பொருந்தியது. ஆனால் அதிகாரி அதைப் பார்க்கவில்லை. எழும்பி நின்று சிப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனைக்குப் போன வீட்டில் எடுத்ததற்கு என்ன தண்டனை என்று ஞானசேகரத்துக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெடியனின் காது மடல் சிவந்துபோய் இருந்ததை அவர் கண்டார். அவன் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. முனாப்பும் அந்த வாங்கிலேயே இருந்திருப்பான்.

"அது நான் குடுத்தது, ஐயா," என்றார்.

மொழிபெயர்ப்பவர் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னார். சுற்றிவளைப்பு நேரம் நீ மைதானத்தில் அல்லவா இருந்தாய் என்று அதிகாரி கேட்டார். கேள்வி சரிதான்.

"என்ர மனிசி குடுத்தவ. எழுத மறந்திட்டம்."

அதிகாரிக்கு அது பொய் என்று தெரியும். மொழிபெயர்ப்பவருக்கும் தெரியும், சிப்பாய்க்கும் தெரியும். அதிகாரி மெதுவாகக் கதிரையில் இருந்தார். கொப்பியைத் திருப்பி ஞானசேகரத்தின் பக்கம் தள்ளி, தன்னுடைய பேனையைக் கழற்றி அதன்மேல் வைத்தார். அப்படியானால் இப்போது எழுது என்றார். ஞானசேகரம் கடைசி வரிக்குப் பக்கத்தில், குழந்தைப்பிள்ளை ஒன்றுக்குக் கொடுத்தாயிற்று என்று எழுதினார். சுழியோடுகிறவனை எடுத்துச் சிப்பாயின் கையில் வைத்தார். அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பொம்மையைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினான்.

முனாப்பைப் பதினொரு மணிக்கு விட்டார்கள். பொம்மைகளையும் எடுத்துப்போன கொப்பிகளையும் திருப்பித் தந்தார்கள். வாசலில் நஜ்முன் நிஸா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. குணேஸ்வரி தன் மனுசனைப் பார்த்து, சாப்பிட்டீங்களோ என்று கேட்டாள்.

நேரே முன்னறைக்குத்தான் போனார்கள். ஞானசேகரம் முனாப்பைக் கதிரையில் இருத்தினார். முனாப் சட்டைப் பையில் இருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். மேல்வரிசை இரண்டாக உடைந்து கிடந்தது. விழுந்து உடைந்துவிட்டது என்றான். எங்கே விழுந்தாய் என்று ஞானசேகரம் கேட்கவில்லை. ஒட்டுகிற உடைவு இல்லை, புதிது செய்யவேண்டும் என்றார். நல்லதாய்ப் போயிற்று, நானும் இனிப் புதுப் பதிப்பு என்றான் முனாப். பல் இல்லாத வாயால் சொன்னபோது அது அவ்வளவு விளங்கவில்லை. குணேஸ்வரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

அச்சு எடுத்து முடிந்ததும் ஞானசேகரம் பல்லுக் கொப்பியைத் திறந்தார். பெயர், முனாப். வயது, நாற்பத்தெட்டு. குறை, மேல்வரிசை உடைந்தது. செய்யும் வேலை, புதிது. அனுப்பியவர் என்ற கட்டத்தில் பேனை நின்றுவிட்டது. கொப்பியை மூடப் போனார். முனாப் எட்டிப் பார்த்தான்.

"அதென்ன வெறுசா உட்டிட்டீங்க?"

"அந்தக் கட்டத்தில இனி ஒருத்தற்ற பேரும் எழுதமாட்டன்."

"ஏன் அண்ணன், நான் நானாத்தானே வந்தன்? என்ட பேரயே எழுதுங்க."

ஞானசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். பிறகு இருபத்தேழாவது தடவையாக அந்தக் கட்டத்தில் முனாப் என்று எழுதினார்.